‘இனி இங்கே வராதீங்க அண்ணாச்சி’

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 44. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், வீடு பெருமாள்புரம். பள்ளிக்கூடக் காலத்து நண்பர்கள் நான்கு பேரும் நானும் 11 வருஷமாக சனிக்கிழமை ராத்திரி ஒரே ஹோட்டல் பாரில்தான் உட்காருவோம். மூலை டேபிள் எங்களுக்கென்றே கிடக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால், சைடிஷ் மாற்றிக் கொண்டுவந்த சப்ளையர் ஒருத்தனோடு வாக்குவாதம் ஆகிவிட்டது. நான் அவன் கன்னத்தில் அறைந்ததாகவும், கிளாஸ் உடைந்து அவன் கையைக் கிழித்ததாகவும் நண்பர்கள் சொல்கிறார்கள். பில் கேட்டது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் இல்லை. வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வீடு வந்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை போனால் மேனேஜர் வாசலிலேயே மறித்து, “இனி இங்கே வராதீங்க அண்ணாச்சி, மொதலாளி சொல்லிட்டாரு” என்றார். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். என் படத்தைக் கேமராவிலிருந்து எடுத்து, கல்லாவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்களாம். நண்பர்கள் இன்னமும் அங்கேதான் போகிறார்கள். நான் டாஸ்மாக்கில் வாங்கி மொட்டைமாடியில் தனியாக உட்காருகிறேன். வாரத்தில் நாலு நாள், ஒரு குவாட்டர்தான், அதற்கு மேல் இல்லை. பாருக்குப் போவது நின்றதில் என் மனைவிக்குச் சந்தோஷம். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. லண்டனில் இருக்கும் மச்சினன் அங்கேயும் இப்படித் தடை போடுவார்கள் என்கிறான். இத்தனை வருஷ வாடிக்கையாளரை நிறுத்த அவர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டா? வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா? மறுபடி உள்ளே போக என்ன வழி?

பெயர் வேண்டாம், பெருமாள்புரம்.

பதில்:

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அந்த மூலை டேபிள்தான் கண்ணில் நின்றது. நாற்பது தாண்டிய ஒரு ஆள், கடையை அடைத்துவிட்டு, கூட்டாளிகளோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேச நம்ம ஊரில் எங்கே இடம் இருக்கிறது? டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்ததும் எழுந்துவிட வேண்டும். கோயிலில் நடை சாத்திவிடுவார்கள். ஐந்து பேர் வீட்டுக்கு வந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குச் சங்கடம். கடைசியில் பார்தான் மிஞ்சுகிறது. அங்கே உங்களைத் தெரிந்து வைத்திருந்தார்கள், வருவதற்கு முன்பே டேபிளைத் துடைத்து வைத்தார்கள். அது கையை விட்டுப் போனதில் உங்களுக்கு வலி இருக்கிறது, அந்த வலி நியாயமானது. ‘குடிக்கிற இடம் போனது நல்லதுதானே’ என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

சட்டக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நான் மனநல மருத்துவன் என்பதால் வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஹோட்டல் பார் என்பது அரசு உரிமம் பெற்று ஒரு தனியார் நடத்துகிற இடம். யாரை உள்ளே விடுவது என்று முடிவுசெய்ய முதலாளிக்கு உரிமை உண்டு. அதற்கு எல்லையும் உண்டு. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒருவரைக் கடையிலோ உணவகத்திலோ ஹோட்டலிலோ தடுக்கக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15(2)ஆவது பிரிவு சொல்கிறது. தீண்டாமையைக் காரணமாக வைத்துத் தடுத்தால் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் வரும். உங்களை நிறுத்தியது அங்கே வேலை செய்கிற ஒருவரை நீங்கள் அடித்ததற்காக. 11 வருஷம் போய் வந்தீர்கள் என்பதால் சட்டத்தில் தனி உரிமை ஏதும் சேர்ந்துவிடாது. வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் தகராறு செய்யும் எண்ணத்தோடு நுழைந்தால் அது அத்துமீறல் குற்றமாகவே ஆகலாம்.

நோட்டீஸ் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அவர்கள் முதலில் எடுப்பது அந்த ராத்திரியின் கேமராப் பதிவைத்தான். காயப்படுத்தியதற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. தானாக விரும்பிக் குடித்த போதை அதற்குச் சாக்கு ஆகாது. அந்த சப்ளையர் நினைத்திருந்தால் கையில் கட்டோடு நேரே ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். போனதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கல்லாவுக்குள் ஒட்டிய படம் வேலையாட்கள் அடையாளம் காண்பதற்காக என்றால் அதற்காகச் சண்டைக்குப் போவதில் பலன் இல்லை. கேவலமாக எழுதி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் அது வேறு விஷயம், அப்போது கேளுங்கள்.

உங்கள் மச்சினன் சொன்னது உண்மை. இங்கிலாந்தில் பப் நடத்துகிறவர், பாகுபாடு காட்டாதவரை, காரணமே சொல்லாமல் ஒருவரை வர வேண்டாம் என்று சொல்லலாம். பல ஊர்களில் பப்காரர்கள் ‘பப்வாட்ச்’ என்று கூட்டாகச் சேர்ந்துகொண்டு, ஓரிடத்தில் வம்பு செய்தவரை மற்ற எல்லா இடத்திலும் நிறுத்துகிறார்கள். பப்பில் அடிதடி செய்து தண்டனை பெற்றவரை மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை விலக்கிவைக்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் கொடுத்து 1980-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆக, நீங்கள் அங்கே இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இன்னொன்றையும் நம்ம ஊர் ஆள் என்பதால் ஒளிக்காமல் கேட்கிறேன். அன்றைக்கு அந்த சப்ளையரைத் திட்டியபோது சாதியை இழுத்தீர்களா? உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நண்பர்களிடம் கேளுங்கள், பூசி மெழுகாமல் சொல்லச் சொல்லுங்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் போதை ஏறியதும் வாயில் முதலில் வருவது பல பேருக்கு அதுதான். எத்தனையோ வீடுகள் அதனால் அழிந்திருக்கின்றன. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்து, நான்கு பேர் முன்னால் நீங்கள் அப்படிப் பேசியிருந்தால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அப்படிப் பேசியிருந்தால், நீங்கள் கேட்க வேண்டிய மன்னிப்பு கன்னத்தில் விழுந்த அறையோடு முடியாது.

சரி, இப்போது நான் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

வாசலில் மறித்ததை நீங்கள் ஏழெட்டு வரி எழுதியிருந்தீர்கள், நான் சுருக்கிப் போட்டிருக்கிறேன். ‘வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வீடு வந்திருக்கிறேன்’ என்பதற்கு ஒரே ஒரு வரிதான். இரண்டாம் தடவை படிக்கும்போது அந்த வரியில்தான் நின்றேன். வந்திருக்கிறேன் என்று யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். வண்ணார்பேட்டையிலிருந்து பெருமாள்புரம் வரை, சனிக்கிழமை ராத்திரி, புது பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்களுக்கும் ரோட்டைக் கடக்கும் குடும்பங்களுக்கும் நடுவே ஒரு பைக் வந்திருக்கிறது. அதை ஓட்டியவருக்கு அதில் ஒரு நொடிகூட ஞாபகம் இல்லை.

இதை ‘பிளாக் அவுட்’ என்போம். மயக்கம் போட்டு விழுவது இல்லை இது. ஆள் நடப்பார், பேசுவார், சண்டை போடுவார், பில்லைச் சரிபார்ப்பார், வண்டிச் சாவியைப் பையிலிருந்து எடுப்பார். எதிரே இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிதான் நடப்பதை நினைவாக எழுதி வைக்கிறது. ரத்தத்தில் சாராயம் சடாரென்று ஏறினால் அது எழுதுவதை நிறுத்திவிடும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே மெமரி கார்டு இருக்காது. அதனால்தான் இரண்டு மாதமாக யோசித்தும் உங்களுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. மறந்துபோனதாக இருந்தால் எப்போதாவது வரும். பதிவே ஆகாதது எங்கிருந்து வரும்?

நீங்கள் கடையை அடைத்துவிட்டு ஒன்பது மணிக்கு வெறும் வயிற்றோடு போய், பார் மூடுவதற்குள் முடிக்க வேண்டும் என்று வேகமாகக் குடித்ததாக எழுதியிருந்தீர்கள். சாராயத்தின் அளவு சடாரென்று ஏறுவதற்கு அதுதான் குறுக்கு வழி. இது முதல் தடவைதானா? என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ‘ஆமாம்’ என்பார்கள். ‘காலையில் எழுந்து, வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறீர்களா?’ என்று அடுத்துக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அப்புறம் அந்த ‘ஒரு குவாட்டர்தான்’. ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் பார்த்தால் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம். மருத்துவத்தில் 10 கிராமை ஒரு அளவு என்று வைத்துப் பார்க்கிறோம், அப்படியானால் ஒரு குவாட்டர் ஆறு அளவு. ஒரு மணி நேரத்தில் ஈரல் ஏறக்குறைய ஒரு அளவைத்தான் கழிக்கும். ராத்திரி பத்து மணிக்கு முடித்தது உடம்பை விட்டுப் போக விடியற்காலை ஆகிவிடும். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் விதித்திருக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராம். ஒரு குவாட்டரை வேகமாகக் குடித்த ஆள் அதைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு தாண்டிப் போயிருப்பார். பிடிபட்டால் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. எனக்கு அந்த அபராதத்தைப் பற்றிக் கவலை இல்லை. இடித்திருந்தால் யாரை இடித்தோம் என்றுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

உலக சுகாதார நிறுவனம் குடிப்பழக்கத்தை அளக்க ‘ஆடிட்’ என்று 10 கேள்விகள் வைத்திருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண், 8 வந்தாலே கவனிக்க வேண்டும். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தேன். வாரத்தில் நான்கு நாளோ அதற்கு மேலோ குடித்தால் 4. உங்கள் குடியால் இந்த ஒரு வருஷத்துக்குள் யாருக்காவது காயம் பட்டிருந்தால் 4. குறைத்துக்கொள்ளுங்கள் என்று மனைவி இந்த ஒரு வருஷத்துக்குள் சொல்லியிருந்தால் இன்னொரு 4. மூன்று கேள்வியிலேயே 12 வந்துவிட்டது. மீதி ஏழு கேள்வியை நேரில் கேட்கிறேன்.

தடை உங்கள் குடியைக் குறைக்கவில்லை என்பதையும் பாருங்கள். வாரத்தில் ஒரு நாளாக இருந்தது நான்கு நாளாகிவிட்டது. பாரில் மூடும் நேரம் என்று ஒன்று இருந்தது, எதிரே நான்கு முகங்கள் இருந்தன, ‘போதும்வே’ என்று சொல்ல ஒருவர் இருந்தார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தவிர யாரும் இல்லை. தனியாகக் குடிப்பதற்குப் போன ஆளை அங்கிருந்து இறக்கிக் கொண்டுவருவது பாரிலிருந்து கூட்டிக்கொண்டு வருவதைவிடக் கஷ்டம். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே அடியோடு நிறுத்திவிடலாம் என்று தோன்றினால், கொஞ்சம் பொறுங்கள். காலையில் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, ஒரு வாய் குடித்தால்தான் சரியாகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் வீட்டில் தனியாக நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ‘அவர் குடியை விட்டார், அதான் செத்தார்’ என்று ஊரில் பேசுவதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த முடியும். நடுக்கம் எதுவும் இல்லை என்றாலும் ஒரு தடவை காட்டிக்கொள்வது நல்லது.

உங்கள் மனைவியின் சந்தோஷத்தைப் பற்றி எரிச்சலோடு எழுதியிருக்கிறீர்கள். 11 வருஷம், சனிக்கிழமைதோறும், வண்டிச் சத்தம் கேட்கும் வரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டிருக்கிறீர்களா? அடுத்த தடவை எரிச்சல் வரும்போது அதை மட்டும் கேளுங்கள். பதிலுக்குப் பதில் பேசாமல், சொல்வதை முழுக்கக் கேளுங்கள். அவர் இதைப் படிக்கிறார் என்றால் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை: சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று விற்கிற பொடியை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் டைசல்பிரம் போன்ற மருந்து இருக்கக்கூடும். அது உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி ஆபத்தாகிவிடும். அந்த மருந்து கொடுப்பதாக இருந்தால் குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் தடவை படித்தபோது கண்ணில் பட்டது அந்த சப்ளையர். உங்கள் கடிதத்தில் நண்பர்கள் நான்கு பேருக்கும் பெயர் இருந்தது, நான்தான் எடுத்துவிட்டேன். மேனேஜருக்குப் பெயர் இருந்தது. அடி வாங்கியவர் ‘சப்ளையர் ஒருத்தன்’. அவன், இவன் என்றே எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வருஷமாக அவர் உங்கள் மூலை டேபிளுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்திருப்பார்? ஆம்லெட்டில் மிளகு தூக்கலாகப் போடச் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு நீங்கள் சொல்லாமலே கொண்டுவந்திருப்பார். அந்த ராத்திரியில் உங்களுக்கு என்ன நடந்தது என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அவர்தான். அவர் குடித்திருக்கவில்லை, எல்லாவற்றையும் பார்த்தார். உங்கள் நண்பர்கள் சொல்வது சிரிப்புக்காகக் கொஞ்சம் கூட்டியும், உங்கள் மனம் நோகக்கூடாது என்று கொஞ்சம் குறைத்தும் இருக்கும்.

அவரைப் போய்ப் பாருங்கள். மறுபடி உள்ளே போக வழி கேட்டீர்கள், அதற்காக இதைச் சொல்லவில்லை. முதலில் மேனேஜருக்குப் போன் செய்து, ‘உள்ளே வரவில்லை, அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், எப்போது வரலாம்?’ என்று கேளுங்கள். பகலில், குடிக்காமல், தனியாகப் போங்கள். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போனால் பஞ்சாயத்து ஆகிவிடும். ‘நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னிச்சுக்கோ’ என்று ஆரம்பிக்காதீர்கள். செய்திருந்தால் என்ற வார்த்தையே இன்னொரு அறை. ‘போதையில் தெரியாமல்’ என்பதும் வேண்டாம். ‘நான் உங்களை அடிச்சேன், அது தப்பு, எனக்கு ஞாபகம் இல்லை, ஆனா அடிச்சது நான்தான்’ என்று சொல்லுங்கள். கைக்கு வைத்தியம் பார்த்த செலவையும், வேலைக்கு வர முடியாமல் போன நாளின் கூலியையும் கேட்டுக் கொடுங்கள். சட்டைப்பையில் நோட்டைத் திணிக்காதீர்கள். அவர் உங்களைப் பார்க்க விருப்பமில்லை என்றால் மேனேஜரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள், அது அவர் உரிமை. பார்க்கச் சம்மதித்தால், அன்றைக்கு என்ன நடந்தது என்று அவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் பேசாதீர்கள். மறுபடி வரலாமா என்று அந்த இடத்தில் கேட்டுவிடாதீர்கள், கேட்டால் அதுவரை சொன்னதெல்லாம் அதற்காகத்தான் என்று ஆகிவிடும்.

உங்கள் நண்பர்கள் அங்கேயே போவதில் உங்களுக்கு ஆற்றாமை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் சனிக்கிழமைக்கு வேறு இடம் கிடையாது. ஆனால் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளாமல் உங்களை வண்டியில் ஏற்றி விட்டதற்காக ஒருவராவது வருத்தப்பட்டாரா? அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குப் போன் செய்யுங்கள். சனிக்கிழமையை விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கக் கூப்பிடுங்கள், தண்ணீர் நன்றாக ஓடுகிற நாளில் குறுக்குத்துறையில் குளிக்கக் கூப்பிடுங்கள். ஐந்து பேர் வர வேண்டாம், ஒருவர் வந்தால் போதும். சனிக்கிழமை ராத்திரி ஏழிலிருந்து பதினொன்று வரை என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். வெறுமனே விட்டால் கால் தானாக டாஸ்மாக் பக்கம் போகும். குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற ‘ஏஏ’ கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. காசு கிடையாது, பெயர் கேட்க மாட்டார்கள். நிறையப் பேருக்கு அந்தக் கூட்டம்தான் புது மூலை டேபிள்.

ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அரசின் டெலிமானஸ் சேவை, தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற எண்ணும் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் வண்டிச் சாவியை வீட்டில் கொடுத்துவிடுங்கள். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். அந்த வாரத்துக்குள் சப்ளையரைப் பார்த்துவிட்டால், பார்த்து அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பெயரையும் அச்சில் போட மாட்டேன்.